முதல் நாள், முதல் ஆட்டம்

“குப்பை! அந்தப் பக்கம் தலை வச்சும் படுக்காதே” என்றார் கட்டிங் மாஸ்டர், துணியிலிருந்து கத்தரிக்கோலை எடுக்காமலே.

புதுப் படம் எப்படி என்று கேட்டது பட்டன் அக்கா. அந்தத் தையல் கடையில் காஜா, பட்டன் எல்லாம் அவள் கைவேலை.

“ஊரே நல்லாயிருக்குன்னு சொல்லுதே அண்ணே?”

“ஊருக்கென்ன, சொல்லும். உட்கார்ந்து பார்த்தவன் நான். பழைய படத்துல ஒரு அம்மா கதவைத் திறந்தாலே கண்ணு கலங்கும். இப்ப கட்டடமே இடிஞ்சு விழுந்தாலும் கொட்டாவிதான் வருது.”

“சரிண்ணே, அப்ப வேணாம்.”

ஓவர்லாக் மிஷினில் இருந்த பெண்ணுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. கடைக்கு வந்து மூன்று மாதம்தான். ‘புதுசு’ என்றே கூப்பிடுவார்கள்.

“இவ்வளவு மோசம்னா, வெள்ளிக்கிழமை தவறாம அரைநாள் லீவு போட்டுட்டு முதல் ஆட்டத்துக்கு ஏன் ஓடறீங்க மாஸ்டர்? வாய் பழைய படம், கால் புதுப் படமா?”

கடையே சிரித்தது. மாஸ்டரும் சிரித்தார். அடுத்த துணியை விரித்தார்.

மத்தியானம் கை கழுவப் போன புதுசின் காதில் ஒரு பேச்சு விழுந்தது. மாஸ்டர் அயர்ன்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“எனக்குப் புதுப் படம் ஆகாது, உனக்கே தெரியும். ஆனா இதுல பின்பாதி இருக்கு பாரு, நானே அசந்துட்டேன். வீட்டுக்காரியையும் கூட்டிட்டுப் போ.”

காலையில் குப்பை, மத்தியானம் கோமேதகமா?

புதுசு யோசித்துப் பார்த்தாள். போன மாசமும் இதே கதைதான். அக்காவுக்குத் ‘தண்டம்’, அயர்ன்காரருக்குத் ‘தங்கம்’. நடுவில் ஒரு சிரிப்புப் படத்துக்கு மட்டும் “நல்லா இருக்கு, போயிட்டு வா” என்று அக்காவை அவரே விரட்டினார். இன்னொரு நாள் டிவியில் ஏதோ பழைய படம். “மூணாவது பாட்டு முடிஞ்சதும் எழுந்துடு, அப்புறம் ஒரே அறுவை” என்றார். பழைய படத்தில் ஒரு தூசியைக்கூடப் பழிக்காத மனுஷர்!

‘தான் ரசிச்சதை அந்தப் பொம்பளை ரசிக்கக் கூடாது. என்ன புத்தியோ!’

மறுநாள் இரண்டு டிக்கெட்டோடு வந்தாள். அக்காவின் பட்டன் டப்பா மேல் வைத்தாள். அந்த டப்பா மூடியில், ரெட்டைச் சடை போட்ட ஒரு சின்னப் பெண்ணின் படம் ஒட்டியிருக்கும்.

“ஞாயித்துக்கிழமை பகல் ஆட்டம். நீங்களும் நானும். மாஸ்டர் பேச்சைக் கேட்டா ஜென்மத்துக்கும் படம் பார்க்க முடியாது.”

அக்கா டிக்கெட்டைப் பார்த்தாள். மாஸ்டரைப் பார்த்தாள்.

மாஸ்டர் கையில் கத்தரி சாக்பீஸ் கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. யாரோ ஒருவரின் சட்டைக் கை அன்றைக்குப் பாழ்.

சாயந்தரம் புதுசைத் துணிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டார்.

“அம்மாடி, அவளைக் கூட்டிப் போகாதே.”

“ஏன் மாஸ்டர்? அயர்ன்காரர் பார்க்கலாம், அக்கா பார்க்கக் கூடாதா? உங்களுக்கு நாக்கு ஒண்ணா ரெண்டா?”

“என்ன வேணும்னாலும் திட்டிக்கோ. முதல்ல நீ மட்டும் போய்ப் பாரு. அதுக்கப்புறமும் கூட்டிப் போகணும்னு தோணுச்சுன்னா, நான் குறுக்கே வர மாட்டேன்.”

என்னதான் இருக்கிறது அந்தப் படத்தில்? அதைத் தெரிந்துகொள்ளவே, அக்காவிடம் ஒரு சாக்குச் சொல்லிவிட்டுத் தனியாகப் போனாள்.

இடைவேளை வரை வயிறு வலிக்கச் சிரித்தாள். பின்பாதியில் மழை பிடித்தது. ஆறு பெருகியது. பள்ளிக்கூட உடுப்போடு ஒரு சின்னப் பெண்ணைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. கரையில் தாய் நின்று கத்தினாள்.

புதுசுக்கு அந்த ரெட்டைச் சடை நினைவுக்கு வந்தது. வேலைக்கு வந்த முதல் நாள், டப்பா மூடியைக் காட்டி “யாருக்கா இது?” என்று கேட்டிருந்தாள். “எம் பொண்ணு. ஆத்தோட போயிட்டா” என்று சொல்லிவிட்டு, அக்கா அடுத்த பட்டனை எடுத்துக்கொண்டாள்.

போன மாசம் ‘தண்டம்’ என்று மாஸ்டர் ஒதுக்கிய படத்தில் படகு கவிழும். அந்தப் பழைய படத்தில், மூன்றாவது பாட்டுக்கு அப்புறம் கிணறு வரும்.

திங்கட்கிழமை அக்கா கேட்டாள்.

“படம் எப்படிம்மா?”

“குப்பைக்கா! மாஸ்டர் சொன்னதுதான் சரி.” முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

அக்கா ஊசியில் நூலைக் கோத்தாள்.

“கடலா, ஆறா?”

புதுசு சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏழு வருஷமா அவர் குப்பைன்னு ஒதுக்கின படத்தையெல்லாம் ஊரே கொண்டாடுது. எனக்குத் தெரியாமப் போகுமா?”

“அப்போ தெரிஞ்சேதான் ஒவ்வொரு தடவையும் அவர்கிட்ட போய்க் கேட்கறீங்களா? ஏன்க்கா?”

அக்கா கட்டிங் மேஜைப் பக்கம் குரல் கொடுத்தாள்.

“அண்ணே, வர்ற வெள்ளிக்கிழமை ஒண்ணு வருதாமே? பார்த்துட்டு வந்து சொல்லுங்க, போகலாமா வேணாமான்னு.”

“அதுக்கென்னம்மா! முதல் ஆட்டமே போயிடறேன்” என்றார் மாஸ்டர். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

அக்கா குரலைத் தணித்துக்கொண்டாள்.

“எம் பொண்ணு போன அன்னிக்கு, கடை லீவுன்னு எங்க பிள்ளைங்களையெல்லாம் ஆத்துக்குக் குளிக்கக் கூட்டிட்டுப் போனவர் அவர்தாம்மா. நான் கேட்கறதை நிறுத்திட்டா, அந்த மனுஷன் எதைப் பிடிச்சுக்கிட்டுக் கரையேறுவாரு?”