பிரிஸ்டலிலிருந்து வந்தவர்

"மூச்சு விட்டா பொத்தான் தெறிச்சிடும் மதாம்!"

"அப்ப விடாதே. சாப்பாடு முடியற வரைக்கும்தானே" என்றாள் லியோந்தின், கஸ்பாரின் கழுத்துப்பட்டையை இழுத்து விட்டபடி. அவன் போட்டிருந்தது அவளுடைய மறைந்த கணவர் லூயியின் கோட்டு. கஸ்பார் அவர்கள் நிலவறையில் ஷாம்பெய்ன் புட்டிகளைத் திருப்பி வைக்கிறவன்.

"என்னைப் போய் முதலாளின்னு எவன் நம்புவான்? பொய் சொன்னா என் காது செவந்துடும்."

"குளிர்னு சொல்லிக்கோ."

லூயி இறந்த சேதி கேட்டதுமே லண்டன் வியாபாரிகள் இரண்டு பேர் விலகிக்கொண்டார்கள். பெண் பிள்ளை கலக்கிய ஒயினை யார் வாங்குவது என்றார்களாம். இங்கிலாந்தில் மிச்சம் இருந்தவர் பிரிஸ்டல் நகரத்து எச். டாலிவர் மட்டும்தான். அவருக்கு லியோந்தின் சேதியே சொல்லவில்லை. லூயி இருந்தபோதும் கடிதம் எழுதியது அவள்தான். கீழே 'எல். வரான்ஷோ' என்று போடுவாள். லூயிக்கும் எல், லியோந்தினுக்கும் எல். பதினோரு வருடம் அப்படியே ஓடிவிட்டது.

கடிதம் முழுக்கச் சர்க்கரைச் சண்டைதான். 'இது ஒயினா, பாகா? ஆணுக்கு ஆண் சொல்கிறேன், இனிப்பைக் குறையுங்கள்' என்று எழுதுவார் டாலிவர். அவள் சுடச்சுடத் திட்டிப் பதில் போடுவாள். மறு வருடம் சத்தமில்லாமல் ஒரு கரண்டி குறைப்பாள். அந்தச் சண்டையில்தான் வரான்ஷோ வீட்டு ஒயின் இங்கிலாந்தில் பெயர் வாங்கியது. இன்று அவர்கள் சரக்கில் பாதி டாலிவருக்குத்தான் போகிறது.

அந்த டாலிவர் முதல்முறையாகப் பிரான்சுக்கு, அவர்கள் ஊரான எபெர்னேவுக்கு வருகிறார்.

வண்டியிலிருந்து பெரிய மீசையோடு ஒருவர் இறங்கினார். பின்னாலேயே சாம்பல் நிற உடையில் ஓர் அம்மாள்.

"நான் இவர் தங்கச்சி" என்றாள் அவள், நல்ல பிரெஞ்சில். "அண்ணனுக்கு எழுதத்தான் வரும், பேச அவ்வளவா வராது."

கஸ்பார் ஒயினை ஊற்றினான். மீசைக்காரர் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, பிஸ்கட்டைத் தோய்த்துத் தின்றபடி ஏதோ சொன்னார்.

"இன்னும் கொஞ்சம் இனிப்பு இருந்தா தேவலையாம்" என்றாள் தங்கை, தட்டைப் பார்த்துக்கொண்டு.

லியோந்தினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினோரு வருடம் தன்னோடு மல்லுக்கட்டிய மனிதரா இவர்?

"முசியே வரான்ஷோ, இந்த வருஷக் கலவையில கறுப்புத் திராட்சை எவ்வளவு?" என்று தங்கை கேட்டாள்.

கஸ்பார் இருமினான். லியோந்தினைப் பார்த்தான்.

"பாதிக்கு மேல" என்றாள் லியோந்தின். "அவருக்குத் தொண்டை கட்டியிருக்கு."

"காதும் செவந்திருக்கே?"

"குளிர்" என்றான் கஸ்பார். சன்னல் வழியே ஜூன் மாத வெயில் மேசையெல்லாம் கொட்டிக் கிடந்தது.

ஆண்கள் இருவரும் ஒருவரையொருவர் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தோட்டம் பார்க்கிறோம் என்று சாடை காட்டிவிட்டு, விட்டால் போதும் என்று வெளியே நடந்தார்கள்.

தங்கை அப்போதுதான் தன் கிண்ணத்தை எடுத்தாள். ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி, மெதுவாக விழுங்கினாள்.

"இன்னும் அரைக் கரண்டி குறைக்கலாம்."

"குறைச்சா வினிகரைத்தான் குடிக்கணும்! அங்க உக்காந்துக்கிட்டுச் சொல்றது சுலபம். இங்க திராட்சை புளிக்கிறது எனக்கில்ல தெரியும்?" படபடவென்று கொட்டிய பிறகுதான் லியோந்தின் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தொலைந்தது. பாதிச் சரக்கும் போச்சு.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. லியோந்தினின் விரலில் ஒட்டியிருந்த மைக் கறையைப் பார்த்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"பதினோரு வருஷமா இப்படித்தான் திட்டறீங்க, மதாம் எல். வரான்ஷோ. ஒரு தடவையாவது ஆளை நேர்ல பாத்துடணும்னுதான் கடல் தாண்டி வந்தேன்."

"உங்களையா? நான் எங்க உங்களைத் திட்டினேன்?"

"என் பேரு ஹாரியட்" என்றாள் அவள். "அப்பா போனதும் கடையை ஒரு பொண்ணு நடத்தறான்னு தெரிஞ்சா எந்தப் பிரெஞ்சுக்காரன் சரக்கு அனுப்புவான்? அதனால எச். டாலிவர். சரி, வாங்க, அந்த மீசைக்காரனை உள்ள கூப்பிடலாம். பாவம், கோட்டு இறுக்கிப் பிடிக்குதுன்னு காலையிலேர்ந்து அழறான், எங்க வண்டிக்காரன்!"