உடைந்த தாழ்ப்பாள்

“மொதல்ல செலவச் சொல்லிடுங்க டாக்டர். சோதிக்கிறதெல்லாம் அப்பறம் வச்சுக்கலாம்” என்றார் மரியஜோசப்.

ஈப்போவில் தொண்டை நிபுணர் என்று பெயரெடுத்தவர் டாக்டர் ஸ்கந்தராஜா. பக்கத்து ஊரான பத்து காஜாவிலேயே பிறந்து வளர்ந்தும் யாழ்ப்பாணத் தமிழை விடாதவர்.

“இது நித்திரையில தொண்டை மூடி மூச்சு நிக்கிற நோய். கழுத்தில ஒரு துளை போடலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில பெரிய செலவில்லை.”

“துளையா!”

“இல்லாட்டி கோலாலம்பூரில தொண்டைச் சதையை வெட்டி எடுப்பினம். நாலாயிரம் வெள்ளி. எல்லாருக்கும் சரிவரும் எண்டு சொல்ல ஏலாது. காசில்லாமல் செய்யிறதெண்டால் உடம்பைக் குறைக்கிறது, ஒருக்களிச்சுப் படுக்கிறது.”

உடம்பு என்றதும் டாக்டரின் பார்வை இருவர் மேலும் பொதுவாக ஓடியது. மரியஜோசப்பும் மனைவி இசபெல்லாவும் உட்கார்ந்திருந்த பெஞ்சில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை.

“அந்த ஆஸ்திரேலியா மெஷினு?”

“மூக்கில ஒரு மூடி. விடியவிடிய காத்தை ஊதிக்கொண்டிருக்கும். போன வருஷம்தான் கேள்விப்பட்டனான். இங்க வரவழைக்க ஒன்பதாயிரம் ஆகும்.”

“வாங்கிடலாம் லா. லோரிய வித்துடறேன்.”

இசபெல்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சித்தியவானுக்குச் சாமான் ஏற்றும் அந்த ஓட்டை லோரிதான் வீட்டுக்குச் சோறு போடுகிறது. தான் நிம்மதியாகத் தூங்குவதற்கு அதையே விற்கத் துணிந்துவிட்டாரே இந்த மனுஷர் என்று நினைத்தாள்.

“நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. டாக்டர்கிட்ட ஒன்னு கேக்கணும்.”

மரியஜோசப் எழுந்து போனார். கதவைச் சாத்துவதற்குள் வெளிப்பெஞ்சில் சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். மூன்று மாதமாக இதே கூத்து. சிவப்பு விளக்கில் லோரி நின்றால் தூக்கம். கோயிலில் முழந்தாளில் நின்றால் தூக்கம்.

“பகல்ல தூங்கறது போவட்டும் டாக்டர். ராத்திரி தூங்காம இவரு என்னா செய்யறாருன்னு நான் யாருகிட்டயும் சொல்லல.” அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“சொல்லுங்கோ அம்மா.”

“தெனமும் யாரோ தொண்டய நெரிக்கிற மாதிரி முழிச்சுக்குவேன். ஒடம்பெல்லாம் வேர்த்து ஊத்தும். கண்ணத் தொறந்தா, இவரு கட்டில்ல நெட்டுக்குத்தலா உக்காந்து என் மூஞ்சியவே பாத்துகிட்டு இருப்பாரு. கை என் மூக்குக்கு மேல இருக்கும். ‘என்னாங்க’ன்னு கேட்டா, ‘ஒன்னுமில்ல, படு’ம்பாரு.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“வாய்க்குள்ளயே என்னமோ முணுமுணுப்பாரு. ஒரு நாளு பாதி முழிப்புல காதுல வுழுந்துச்சு. ‘அருள் நிறைந்த மரியே’ செபம் சொல்றாரு. எங்க எஸ்டேட்டு லயத்து வீடுங்கள்ல யாருக்காச்சும் உசுரு இழுத்துகிட்டு இருந்தா, சுத்தி உக்காந்து அதத்தான் சொல்லுவோம். உசுரோட இருக்கிற எனக்கு எதுக்கு டாக்டர் சாவுச் செபம்?”

“பிறகு?”

“காலையில எந்திரிச்சா தல பாறாங்கல்லாக் கனக்கும். கன்னத்துல அஞ்சு வெரலும் பதிஞ்சிருக்கும். போன வாரம் சின்ன ரூம்புல போயி, தாப்பா போட்டுகிட்டுப் படுத்தேன். கதவ ஒதச்சு, தாப்பாள ஒடச்சுகிட்டு உள்ள வந்துட்டாரு. கையில ஜெபமாலை. கண்ணு ரெண்டும் செவச்செவன்னு…”

இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் ஒரு நாள்கூடக் கை ஓங்காத மனிதர். மூடிப்போன தோட்டத்துக் கல்லறை ஓரம் லோரியை நிறுத்தி இளைப்பாறுவாரே, அங்கே ஏதாவது தொற்றிக்கொண்டதோ என்று அவளுக்குப் பயம். பங்குச் சாமியாரிடம் வாங்கிய தீர்த்தத்தைத் தலையணையில் தெளித்துப் பார்த்தாள். தலையணை நனைந்ததுதான் மிச்சம்.

“எதுத்த கடையில என் பையி இருக்கு டாக்டர். ரெண்டு மணி பஸ்ஸுல தைப்பிங் போறேன். அக்கா பெட்ரீசியா வீட்டுல தனி ரூம்பு, இரும்புத் தாப்பா. நீங்க எப்பாடு பட்டாவது இவர நல்லாக்கிக் குடுங்க. அதுவரைக்கும் அந்தக் கட்டில்ல நான் படுக்க மாட்டேன். செத்துப் போயிடுவேன்.”

“தனியவா படுக்கப் போறீங்கள்?” டாக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “அவர் உங்களுக்கு ஒண்டுமே சொல்லேல்லையா?”

“என்னா சொல்லணும்?”

டாக்டர் மேஜை மேலிருந்த ரெக்கார்டரில் ஒரு கேசட்டைப் போட்டார்.

“அவர் முதல் தனிய வந்தநேரம் நான்தான் பதிஞ்சு கொண்டுவரச் சொன்னனான். போன செவ்வாய் ராத்திரி உங்கட அறையில எடுத்தது.”

பலகை மில் ஓடுவது போல ஒரு குறட்டை. இசபெல்லா முகத்தைச் சுளித்துக்கொண்டாள். குறட்டை சட்டென்று நின்றது. டேப் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. பிறகு மரியஜோசப்பின் குரல், தணிவாக, ‘அருள் நிறைந்த மரியே’ தொடங்கியது. அவசரமில்லாமல் கடைசி வரைக்கும் சொல்லி முடித்தது. அதற்குப் பிறகும் மூச்சுச் சத்தம் இல்லை.

பளாரென்று ஓர் அறை.

“இசபெல்லா! மூச்சு வுடு! மூச்சு வுடு புள்ள!”

டாக்டர் கேசட்டை நிறுத்தினார்.

“இருட்டில மணிக்கூட்டு முள்ளுத் தெரியாதாம். ஒரு செபம் முடியிறதுக்குள்ள உங்களுக்கு மூச்சுத் திரும்பேல்லை எண்டால் அடிச்சு எழுப்புறார். அவருக்கு ஒரு நோயுமில்லை அம்மா, மூண்டு மாசமா நித்திரைதான் இல்லை.”