ஓரத்துல மட்டும் அடிக்காதண்ணே

பள்ளிகொண்டா மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் இந்தத் தடவையும் ஜெபசீலன் முந்திவிடக் கூடாது என்று கடப்பாரையோடு அவன் வீட்டுக்கே வந்த கோதண்டம், கதவைத் திறந்தவன் உதட்டை ஒரே குத்தில் கிழித்தான்.

"உன் வண்டிக்கு ஃபைபர் கிளாஸ்ல பாடி செய்றியாமே. எங்கடா அது?"

ஜெபசீலனின் கண் கொல்லைப்பக்கம் போனது. அங்கே வெள்ளை வெளேரென்று கனமாகக் கிடந்தது ஒன்று.

"ரெண்டு மாச உழைப்புண்ணே. ஓரத்துல மட்டும் அடிக்காதண்ணே."

ஓரத்திலேயே ஓங்கிப் போட்டான் கோதண்டம். வெறி தீரும்வரை போட்டான். வெள்ளை சில்லுசில்லாகத் தெறித்து, உள்ளேயிருந்து ஒரு கீறல்கூட இல்லாமல் சிவப்பாகச் சரிந்து விழுந்தது பாடி.

ஜெபசீலன் ரத்தத்தைத் துப்பினான்.

"நீ ஒடச்சது பிளாஸ்டர் அச்சுண்ணே. பாடி ஒட்டிக்காம இருக்க உள்ள மெழுகு தடவணும், மறந்துட்டேன். மூணு நாளா கழண்டு வராம ஒரே பேஜார் பண்ணிச்சு."