மூன்றாவது துளை

அதே கடிகாரம் மூன்றாவது முறையாக என் மேசைக்கு வந்தபோது, மேலாளரும் கூடவே வந்து நின்றார்.

நிறுவனத்தின் விதி அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரே புகாரோடு மூன்று முறை வந்து, உள்ளே ஏதாவது குறையும் இருந்துவிட்டால், அதைத் தவறவிட்டவன் பெயரைத் தங்கள் பழுதுபார்ப்பவர் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். நூற்றறுபது வருடமாக அப்படித்தான். இந்த நகரத்தில் அந்தப் பட்டியலில் இருப்பவன் நான் ஒருவன். வேறு வேலை எனக்குத் தெரியாது.

புகார் ஒன்றேதான். நின்றுவிடுகிறது.

தானாகச் சாவி ஏறும் கடிகாரம் அது. உள்ளே அரைவட்டமாக ஒரு தங்க எடை. கை அசையும்போதெல்லாம் அது சுழன்று சுருள்வில்லை முறுக்கும். அந்த எடையின் வளைவைத் தீர்மானிக்க நிறுவனரின் பேரன் பதினோரு வருடம் உட்கார்ந்தார் என்று கையேட்டின் முதல் பக்கத்தில் இருக்கும். கடைசிப் பக்கத்தில் ஒரே வரி: 'இதற்கு நீங்கள் சாவி கொடுக்க வேண்டாம். வாழ்ந்தால் போதும்.'

முதல் முறை முழுக்கப் பிரித்துக் கழுவி எண்ணெய் வைத்தேன். இரண்டாம் முறை சுருள்வில்லையே மாற்றினேன். இரண்டு முறையும், வழக்கப்படி, ஓரத்துத் திருகைப் பிடித்து முழுச் சாவி கொடுத்து, ஓடுகிற கடிகாரமாகத்தான் அதைக் கொண்டுவந்த அம்மாளிடம் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் போன் வந்துவிடும்.

கழற்றி வைத்துவிடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லையாம். ராத்திரி பகல் என்று கணவர் கையை விட்டு இறங்குவதே இல்லையாம்.

"அண்ணே, அந்தம்மா உங்க மூஞ்சியப் பாக்கத்தான் வாட்ச நிறுத்தி நிறுத்திக் கொண்டுவருது," என்றார் கவுன்டர்க்காரர்.

அந்த அம்மாள் வரும்போதெல்லாம் கடிகாரத்தின் தோல் வாரில் ஒரு துளை போட்டுத் தரச் சொல்வார், முந்தையதை விட உள்ளே தள்ளி. கணவர் உடம்பைக் குறைக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். வசதியானவர்களுக்கு அதுவும் ஒரு வேலை.

இந்த முறை லென்ஸ் என் கண்ணை விட்டு இறங்கவே இல்லை. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு உறுப்புகள். ஒவ்வொரு பல்லாகப் பார்த்தேன். சோதனைக் கருவி வரைந்த கோடு நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. கடைசியாக, முழுச் சாவி கொடுத்து மேசையில் சும்மா கிடத்தி, தானாக நிற்கும்வரை விட்டுப் பார்த்தேன். இரண்டு நாள். கையேட்டில் போட்டிருக்கும் அதே கணக்கு.

மேலாளர் சோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, பிழைத்தீர்கள் என்றார். ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் சாப்பாடு இறங்கியது.

அந்த அம்மாள் வந்ததும் நானே வெளியே போய் உட்கார வைத்தேன்.

"கடிகாரத்துல ஒரு குறையும் இல்லம்மா. கையெழுத்துப் போட்டே தர்றேன்."

அவர் தாளை வாங்கவில்லை. சின்னதாகவாவது ஏதாவது இருக்குமே, நன்றாகப் பார்த்தீர்களா என்று கேட்டார். எங்காவது ஒரு சக்கரம் தேய்ந்திருக்கக் கூடாதா என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. தூக்கத்தில் நாலு முறை புரண்டு படுத்து, காலையில் தண்ணீர்க் குவளையை எடுத்துக் குடிக்கிற மனிதர் கையில் இது நிற்கவே நிற்காது என்று அடித்துச் சொன்னேன். கொஞ்சம் குரலை உயர்த்தியே சொன்னேன்.

அவர் சுவரில் இருந்த நிறுவனரின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் கீழே வரிசையாக ஓடிக்கொண்டிருந்த கடிகாரங்களைப் பார்த்தார்.

"ரெண்டு தடவையும் ரெண்டு ரெண்டு நாள் ஓடுச்சு சார். படுக்கையில அசையாமக் கிடக்கறவர் கை அசையுதுன்னு சொந்தக்காரங்களுக்கெல்லாம் போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

என் விரல்கள் பழக்கத்தில் திருகைப் பிடித்திருந்தன.

"சாவி கொடுக்காதீங்க. அப்படியே குடுங்க."

விரல்களை எடுத்தேன்.

துளை போடும் குறடு கவுன்டரிலேயே இருந்தது. இந்த முறை அவர் கேட்கவில்லை. நானாகத்தான் வாரைக் கழற்றி, எவ்வளவு உள்ளே என்று கேட்டேன்.

அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, மணிக்கட்டின் அளவாக ஒரு வட்டம் காட்டினார்.