தலைமையகம் இடம் மாறியாச்சு

"என்னங்க, எங்க போய்த் தொலைஞ்சீங்க?"

கையில் காபியும் ரத்த அழுத்த மாத்திரையுமாகக் கூடத்தில் நின்றாள் அவள். மடக்கு நாற்காலி, ரேடியோ, செய்தித்தாள், கணவர் எதையுமே காணோம்.

"தலைமையகம் தோட்டத்துக்கு மாறியாச்சு!" என்று பின்பக்கமிருந்து குரல் வந்தது.

முணுமுணுத்துக்கொண்டே போனாள். மரத்தடியில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார் மனுஷன்.

"பட்டாளத்துலேர்ந்து ரிட்டயர் ஆகி எத்தனை வருஷமாச்சு? இன்னும் என்ன தலைமையகம்?"

"போர்ல எதிரி மொதல்ல குறி வைக்கிறதே அதைத்தான். கட்டடத்துல இருந்தவன்லாம் ஒரே குண்டுல காலி. நாங்க லாரிக்குள்ளயே தலைமையகத்தை வெச்சுக்கிட்டு இடம் மாறிக்கிட்டே இருந்தோம், தப்பிச்சோம். ஒரே இடத்துல கிடந்தா ஆபத்து."

"இங்க உங்களை யாரு குறி வைக்கிறா, கொசுவா?"

ஒரு வாரமாக இதே கூத்து. முதல் நாள் பக்கத்து அறை. பிறகு கூடம், இன்றைக்குத் தோட்டம் என்று தூரம் கூடிக்கொண்டே போனது. அவள் கையால் கொடுத்தாலொழிய மாத்திரை போடமாட்டேன் என்று பிடிவாதம் வேறு.

நன்றாக இருந்தவருக்கு இப்படிப் புத்தி பேதலித்துவிட்டதே என்று அவள் பயந்தாள். நாளைக்குத் தன்னையே யாரென்று கேட்டுவிடுவாரோ? அவருக்குத் தெரியாமல் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுவிட்டாள்.

சாயங்காலம் தலைமையகம் மொட்டைமாடிக்குப் போயிருந்தது. படிக்கு ஒரு திட்டு வீதம் திட்டிக்கொண்டே ஏறினாள். அவர் மாத்திரையை விழுங்கி முடிப்பதற்குள் டாக்டரம்மாவும் மேலே வந்துவிட்டார்.

"நல்லவேளை வந்தீங்க டாக்டர். இவரைக் கொஞ்சம் பாருங்க" என்று கண் கலங்கினாள்.

டாக்டரம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவர் இருக்கட்டும். நீங்க எப்படி மாடி ஏறினீங்க? மூட்டு ஆபரேஷனுக்கப்புறம் கட்டிலை விட்டு எறங்கவே மாட்டேன்னு அழுதீங்களே! நானும் எவ்வளவு கெஞ்சினேன்! ஊன்றுகோல் எங்கே?"

அவள் தன் கைகளைப் பார்த்தாள். ஊன்றுகோல் கட்டிலடியில் கிடந்தது. அதைக் கடைசியாக எப்போது தொட்டோம் என்பதே அவளுக்கு நினைவில்லை.

அவர் நாற்காலியை மடக்கிக்கொண்டே சிரித்தார்.

"ஒரே இடத்துல கிடந்தா ஆபத்துன்னு சொன்னேன். யாருக்குன்னு நீ கேக்கவே இல்லையே!"