நூறு சதவீதம்

மதியம் பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஊரில் மின்சாரம் போயிற்று.

ரௌஷான் வேலை பார்க்கும், சர்வர்கள் வரிசை வரிசையாக ஓடும் தரவு மையத்தில் ஒரு விளக்குகூடக் கண் சிமிட்டவில்லை. முன்பென்றால் டீசல் எஞ்சின் உறுமிப் புகை கக்கியிருக்கும். இப்போது பக்கத்துக் கூடத்துப் பேட்டரிகள் சத்தமில்லாமல் சுமையை வாங்கிக்கொண்டன.

"ஊரே கரண்ட் இல்லாம கெடக்கு, நம்ம சர்வருங்க மட்டும் மாப்பிள்ளை கணக்கா ஜம்முனு உக்காந்திருக்குதுங்க பாரு அக்கா," என்றான் கூட வேலை பார்க்கும் தௌரென்.

அவள் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பனிப்புயல். பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தெட்டு டிகிரி.

போன் அடித்தது. கட்டிடங்களைச் சூடாக்க ஊருக்கெல்லாம் குழாயில் வெந்நீர் அனுப்பும் கொதிகலன் நிலையத்திலிருந்து செரிக்பாய்.

"தங்கச்சி, பம்பு நின்னுபோச்சு. இன்னும் ரெண்டு மணி நேரத்துல குழாயெல்லாம் உறைஞ்சு வெடிச்சிடும். உங்ககிட்ட இருக்கறதுல கொஞ்சம் இந்தப் பக்கம் விடும்மா."

சர்வர்களின் சூட்டை ஊர் வெந்நீரில் சேர்க்கும் குழாயோடு இரண்டு இடத்துக்கும் நடுவே ஒரு மின்கம்பியும் ஓடியது. அதில் பேட்டரி மின்சாரத்தை நிலையத்துக்கு அனுப்ப முடியும். அனுப்பக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி.

ரௌஷானின் மகள் இங்கார் ஊர்ப் பாலர் பள்ளியில் இருந்தாள். நான்கு வயது.

"வேலை போயிடும் அக்கா."

"போவட்டும்."

பாதி சர்வர்களை அவளே நிறுத்தி, மிச்சமான மின்சாரத்தைக் கம்பி வழியே செரிக்பாய் பக்கம் திருப்பினாள். ஒவ்வொரு வரிசையாக விசிறிகள் ஓய்ந்தன. அந்தக் கட்டிடத்தில் காற்றின் ஊளை கேட்டது அன்றுதான்.

கால் மணி நேரத்தில் செரிக்பாய் மறுபடி கூப்பிட்டார். பம்பு ஓடுகிறதாம். பாலர் பள்ளியில் பிள்ளைகள் கையுறையைக் கழற்றிவிட்டார்களாம். தௌரென் அவளுக்குப் பால் விட்ட தேநீர் கொண்டுவந்து வைத்தான்.

மூன்று மணிக்கு மின்சாரம் திரும்பியது. மின்வாரியத்து அதிகாரி ஒருவர் போனில் பேசினார். யாரையும் குறை சொல்லும் குரல் அல்ல, அலுத்த குரல்.

"குளிருக்கு எல்லா வீட்டுலயும் ஹீட்டரு. லைன் ஏற்கெனவே திணறிட்டிருந்துச்சு. பதினொண்ணு நாப்பத்தேழுக்கு யாரோ ஒரேயடியா இழுத்திருக்காங்க, மூணு நிமிஷத்துல அறுந்துடுச்சு. ஒரு அடுக்குமாடியில, மூணாவது மாடியில ஒருத்தர், ஆக்சிஜன் மெஷின்ல இருந்தவரு, கரண்ட் போனதும்... போயிட்டாரும்மா. அதான் எல்லா இடத்துலயும் விசாரிக்கிறோம். உங்க பக்கம் ஏதாச்சும்?"

ரௌஷான் பதிவேட்டைத் திரையில் திறந்தாள்.

புயல் எச்சரிக்கை. பேட்டரிகள் அனைத்தையும் முழு வேகத்தில் நூறு சதவீதம் நிரப்புக. தொடக்கம்: 11:47. உத்தரவிட்டவர்: ரௌஷான்.

தௌரெனும் அதைப் படித்தான். அவன் கை மெல்ல நீண்டு திரையை அணைத்தது.

"ஹலோ, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றாள்.