பிறந்த வீட்டுக் கோடி

இந்த டிக்கெட் இந்த ரயிலுக்குச் செல்லாது என்றாள் பரிசோதகப் பெண். இரண்டாவது முறையாக.

பெரியவர் மடியிலிருந்த பையை இறுக்கிக்கொண்டார்.

உள்ளே ஒரு புதுப்புடவை. பிறந்த வீட்டுக் கோடி.

அக்கா போய்விட்டாள். சவப்பெட்டியை மூடுமுன் தம்பி கையால் அதைப் போர்த்த வேண்டும். பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சம் இருப்பது அவர் ஒருவர்தான். இந்தத் தேசத்தில் பிணத்துக்கும் நேரம் குறித்துக் கொடுக்கிறார்கள். தாமதித்தால் அடுத்த பிணம் தகன மேடைக்குப் போய்விடும்.

டிக்கெட் எடுத்துக் கொடுத்தது அக்கா மகன் தட்சிணா. புதுக் கம்பெனி ரயில். ஊதா நிறம்.

ஏறும்போது ஸ்டேஷனில் அதுவும் அரசாங்க ரயிலும் நின்றன. எதிரெதிரே. ஒரே ஊருக்கு.

ஊதா ரயிலை மேலும் கீழும் பார்த்தார். நேற்று முளைத்த கம்பெனி. யார் வேண்டுமானாலும் ரயில் விடலாம் என்று சட்டம் போட்டுவிட்டார்களாம். பாதி வழியில் இறக்கிவிட்டால் எவனைப் போய்க் கேட்பது?

அரசாங்க ரயிலில் ஏறிக்கொண்டார். இந்தத் தேசத்துக்கு வந்த நாளிலிருந்து அதன் பெட்டிகளைக் கூட்டித் துடைத்தவர். தண்டவாளம் ஒன்று. ஊர் ஒன்று. டிக்கெட் மட்டும் எப்படி இரண்டாகும்?

வேறு டிக்கெட் எடுத்தால் இதிலேயே போகலாம் என்றாள் பரிசோதகப் பெண்.

சட்டைப் பையில் பணம் இருந்தது. கை போகவில்லை.

"ஏமாத்தறதுக்கு வேற ஆளப் பாரு."

தமிழில்தான் சொன்னார். அவளுக்குப் புரிந்துவிட்டது.

அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டார்கள்.

சின்ன ஸ்டேஷன். குளிர். ஒரே ஒரு இரும்பு பெஞ்சு.

சற்று நேரத்தில் ஊதா ரயில் வந்தது. நிற்கவில்லை. அதில் எங்கோ ஒரு இருக்கை காலியாகப் போய்க்கொண்டிருந்தது.

போன் அடித்தது.

"எங்க மாமா இருக்கீங்க? பொட்டிய மூடணுங்கறாங்க. இன்னும் கொஞ்சம் இருங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது?"

அவர் ஊதா ரயில் போன திசையைப் பார்த்தார்.

"நான் எடுத்துக் குடுத்த ரயில்லதான மாமா வர்றீங்க?"

தட்சிணாவுக்குப் பின்னால் பெண்கள் அழும் சத்தம் கேட்டது.

"போன அவ தலமாட்டுல வைடா," என்றார்.

எதிர்முனையில் காலடிச் சத்தம். பிறகு பெட்டியின் மரத்தில் போனை வைத்த சத்தம்.

அவரும் தன் போனை பெஞ்சின் ஓரத்தில் வைத்தார்.

பையைப் பிரித்தார். புடவையை உதறி, பெஞ்சின் நீளத்துக்கும் விரித்தார். தலைப்பைப் போன் இருந்த பக்கம் இழுத்துவிட்டார். மறுகோடி காற்றில் எழும்பியது. குனிந்து, கால்மாட்டில் செருகினார்.

அடுத்த ரயிலுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒரு கிழவி. கைக்குழந்தையோடு ஒருத்தி.

பெஞ்சில் யாரும் உட்காரவில்லை.